புது ரிவால்வர் சிக்கினால் எங்கே பார்ப்பது, சிக்காமல் எப்படி வைத்திருப்பது

“ரிவால்வர் சிக்கவே சிக்காது” என்று சொல்லித்தான் முதல்முறை துப்பாக்கி வாங்க வருபவர்களுக்கு அதை எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. பிஸ்டல் சிக்கினால் மேகசினைத் தட்டி, ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரிவால்வர் சிக்குவது அரிது. ஆனால் சிக்கிக்கொண்டால் நின்ற இடத்தில் விடுவிக்க வழி குறைவு. மேசைக்குக் கொண்டுவந்து, பிரஷ்ஷும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்து, பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் பராமரிப்பு ரிவால்வருக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

அமெரிக்காவில் குடியேறி, சட்டப்படி முதல் ரிவால்வரை வாங்கியிருக்கும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது .357 மேக்னம் ஆறு தோட்டா டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, ரூகர் ஜிபி100 போன்றவை. டிரிகரை இழுப்பதே ஹேமரையும் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) பின்னால் இழுத்து விடுவிப்பதால் டபுள் ஆக்‌ஷன் என்று பெயர். இரண்டும் 1980-களிலிருந்து சந்தையில் இருப்பவை. இரண்டிலும் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டர் இடப்பக்கம் வெளியே சாயும். இந்தியாவில் உரிமத்தோடு வாங்கக் கிடைக்கும் கான்பூர் .32 ரிவால்வர் வேறு அமைப்பு. அது நடுவில் மடிந்து திறக்கும். தோட்டா, கரி, எண்ணெய் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும்; கிரேன் (சிலிண்டரைத் தாங்கும் கை), எஜெக்டர் ராட் (உறைகளை வெளியே தள்ளும் கம்பி) பற்றிச் சொல்வது பொருந்தாது. அங்கே பழுதுபார்ப்பதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யவேண்டிய வேலை.

முதலில் காலி செய்யுங்கள்

கீழே வரும் எந்தச் சோதனைக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். துப்பாக்கியின் வாய் பாதுகாப்பான திசையைப் பார்க்கட்டும், விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். சிலிண்டரைத் திறந்து, எஜெக்டர் ராடை முழுக்க அழுத்தி எல்லாவற்றையும் வெளியே தள்ளுங்கள். சிலிண்டரில் தோட்டா இருக்கும் ஆறு அறைகளையும் கண்ணால் எண்ணிப் பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் விரல் நுனியை விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறொரு ரூமில் கொண்டுபோய் வையுங்கள். மேசையில் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து இருக்கவே கூடாது. நடுவில் எழுந்து போன் பேசிவிட்டு வந்தால் மறுபடி திறந்து எண்ணுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

டிரிகரை இழுத்தால் உள்ளே நடப்பது என்ன

இது தெரிந்தால் பாதிக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். டிரிகரை இழுக்கத் தொடங்கியதும், சிலிண்டரைப் பூட்டி வைத்திருக்கும் சிறிய ஸ்டாப் கீழே இறங்குகிறது. ஹேண்ட் என்கிற ஒரு நெம்புகோல் மேலே எழுந்து, சிலிண்டரின் பின்புறம் இருக்கும் நட்சத்திர வடிவத் தகட்டின் பல்லைத் தள்ளிச் சிலிண்டரைச் சுழற்றுகிறது. அந்தத் தகடு ஸ்டார். காலி உறைகளை வெளியே தள்ளுவதும் அதுவே. அதே நேரத்தில் ஹேமர் பின்னால் போகிறது. அடுத்த அறை குழலுக்கு நேராக வந்ததும் ஸ்டாப் மேலே எழுந்து சிலிண்டரின் குழிக்குள் விழுந்து பூட்டுகிறது. அதற்குப் பிறகுதான் ஹேமர் விடுபட வேண்டும். இந்த வரிசை பிசகினால் குண்டு குழலுக்குள் நேராக நுழையாது.

சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 0.004 முதல் 0.008 அங்குலம் வரை. சுடும்போது அந்த இடைவெளி வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் சீறும். பிஸ்டல் பிடித்துப் பழகியவர்கள் இடது கைக் கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்பார்கள். ரிவால்வரில் அப்படி வைத்தால் விரல் கிழியும். இரண்டு கைகளும் சிலிண்டருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

வாங்கி வந்த அன்றே பார்க்க வேண்டியவை

புதுத் துப்பாக்கி சுத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் குழலிலும் அறைகளிலும் இருக்கும். சோதனைக்குச் சுட்ட கரியும் இருக்கும். குழலையும் ஆறு அறைகளையும் துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். ஸ்டாரின் அடியிலும் துடையுங்கள்.

அடுத்து ஸ்க்ரூக்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பக்கத் தகட்டைப் பிடித்திருப்பவை, கைப்பிடி ஸ்க்ரூ, பின் சைட்டின் ஸ்க்ரூ எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் ஆப்புமுனை ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது தலையின் காடியைச் சிதைக்கும். துப்பாக்கி வேலைக்கென்றே இணையான முனை கொண்ட பிட்டுகள் விற்கின்றன. தளர்ந்திருந்தால் பதமாக இறுக்குங்கள், பலம் காட்ட வேண்டாம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஒரு ஸ்க்ரூவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடுத்தர, பெரிய பிரேம் (உடற்சட்டம்) மாடல்களில் கைப்பிடியின் முன்பக்கம், கீழே, ஸ்டிரெய்ன் ஸ்க்ரூ இருக்கும். ஹேமரை அடிக்கவைக்கும் தகட்டு ஸ்பிரிங்கை வளைத்து வைத்திருப்பது இதுதான். இது முழுக்க இறுகியிருக்க வேண்டும். டிரிகர் லேசாக வேண்டும் என்று இதைத் தளர்த்துகிறவர்கள் உண்டு. தளர்த்தினால் டிரிகர் லேசாகும். கூடவே தோட்டா வெடிக்காமலும் போகும்.

பிறகு இடைவெளி. வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் போதும். சிலிண்டரை மூடி, அதைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எந்தத் தகடு சிக்காமல் நுழைகிறது என்று பாருங்கள். 0.003-க்கும் கீழே இருந்தால் கொஞ்சம் சுட்டதுமே கரி படிந்து சிலிண்டர் உராயத் தொடங்கும். 0.010-க்கு மேல் போனால் கம்பெனியிடம் கேளுங்கள். அளந்த எண்ணைக் குறித்து வையுங்கள்; பின்னாளில் தேய்மானம் தெரிய இந்த முதல் எண்தான் உதவும். சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தால் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஆட்டம் புதுத் துப்பாக்கியில் இருக்கக் கூடாது.

கடைசியாக டைமிங், அதாவது மேலே சொன்ன வரிசை பிசகாமல் நடக்கிறதா என்பது. காலியான துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, ஒரு விரலைச் சிலிண்டரின் பக்கவாட்டில் மிக லேசாகப் பதித்துக்கொண்டு, ஹேமரைக் கட்டைவிரலால் மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் நிற்கும்போது ஸ்டாப் ‘டிக்’ என்று குழியில் விழுந்திருக்க வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளினால் இன்னொரு ‘டிக்’ கேட்கிறதென்றால், அந்த அறைக்குச் சிலிண்டர் முழுதாகச் சுழன்று வரவில்லை என்று பொருள். ஆறு அறைகளிலும் பாருங்கள். சிலிண்டரில் சிறிய டேப் ஒட்டி எண் போட்டுக்கொண்டால் எந்த அறை என்று குழப்பம் வராது. தோட்டாவின் அடியில் நடுவே அடிக்கும் இன்றைய சென்டர்ஃபயர் ரிவால்வர்களில் டிரை ஃபயர், அதாவது காலியாக டிரிகரை இழுத்து அடிப்பது, கெடுதல் இல்லை. தோட்டாவின் விளிம்பில் அடிக்கும் .22 ரிம்ஃபயரில் மட்டும், கம்பெனி கையேடு அனுமதித்தால் ஒழிய, வேண்டாம். ஃபயரிங் பின் என்ற குத்தூசி அறையின் விளிம்பில் மோதலாம்.

சிலிண்டரைச் சுற்றி ஸ்டாப் உரசிய மெல்லிய கோடு விழும். இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். பல மாடல்களில் இது இயல்பு, கோளாறு இல்லை.

முதல் நாள் சுடும் தளத்தில்

தொழிற்சாலைத் தோட்டாக்களையே கொண்டுபோங்கள். வீட்டில் ரீலோடு செய்தவற்றை (காலி உறையில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்தவற்றை), அதைச் செய்தவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், முதல் நாள் தவிர்த்துவிடுங்கள். கோளாறு வந்தால் துப்பாக்கியா தோட்டாவா என்று பிரிக்க முடியாமல் போகும்.

.357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் சுடலாம். விலை குறைவு, உதையும் குறைவு. பழக அதுவே நல்லது. .38 துப்பாக்கியில் .357 சுடக்கூடாது. .38 உறையின் நீளம் 1.155 அங்குலம், .357 உறை 1.29 அங்குலம். இந்தச் சிறு வித்தியாசத்தால் ஒரு தொல்லை வரும்: .38 நிறையச் சுட்டால் அறைக்குள் உறை முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். பிறகு நீளமான .357-ஐப் போட்டால் முழுதாக இறங்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். அன்று இரண்டும் சுட வேண்டுமானால் .357-ஐ முதலில் சுடுங்கள்.

தோட்டா போட்டு, சிலிண்டரைக் கையால் தள்ளி மூடுங்கள். சினிமாவில் மணிக்கட்டை உதறி ‘டக்’கென்று மூடுவதுபோல் செய்தால் சிலிண்டரைத் தாங்கும் கிரேன் என்ற கை மெல்ல வளையும், கிரேன் வளைந்தால் அறைகள் குழலுக்கு நேராக வராது. அடுத்தவர் துப்பாக்கியில் அப்படிச் செய்தால் கோபித்துக்கொள்வார்; அந்தக் கோபம் நியாயமானது.

புதியவர்கள் ‘சிக்கிவிட்டது’ என்று கொண்டுவருவதில் கணிசமானவை விரலில் இருக்கின்றன. சுட்ட பிறகு டிரிகரை முழுக்க முன்னால் போகவிடாமல் பாதியிலேயே மறுபடி இழுத்தால், டிரிகர் கல்லாக நிற்கலாம், அல்லது சிலிண்டர் ஒரு அறையைத் தாண்டிப் போகலாம். டபுள் ஆக்‌ஷனில் டிரிகரை இழுக்க நாலரை, ஐந்து கிலோ விசை தேவைப்படும். விரல் களைத்ததும் இந்தப் பிழை தானாக வரும். டிரிகரை முழுக்க விடுங்கள், பிறகு இழுங்கள். அப்போதும் நின்றால் மட்டும் துப்பாக்கியைச் சந்தேகியுங்கள்.

சிலிண்டர் இறுகுகிறது

ரிவால்வர் தொல்லைகளில் இதுவே பெரியது. காரணங்கள் பல, எளியதிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்டாரின் அடியில் தூசு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று அங்கே விழுந்தால் போதும். ஸ்டார் முழுதாக அமராது, சிலிண்டர் பின்னால் தகட்டில் உரசும், மூடுவதே கடினமாகும், டிரிகர் கனக்கும். எஜெக்டர் ராடை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டாரின் அடிப்பக்கத்தையும் அது அமரும் குழியையும் உலர்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். புது ரிவால்வரைத் திருப்பி அனுப்ப நினைக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் மட்டும் விடாதீர்கள். துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து தோட்டாவின் பிரைமர், அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும், உறையடியின் நடுவிலுள்ள சிறு மூடி. தோட்டாக்களைப் போட்டுச் சிலிண்டரைத் திறந்தபடி பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிரைமர் உறையின் அடியோடு சமமாகவோ ஒரு இழை உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே துருத்தியிருந்தால் பின்தகட்டில் உரசிச் சிலிண்டரை நிறுத்தும். இது பெரும்பாலும் ரீலோடில் வரும். தொழிற்சாலைத் தோட்டாவிலும் எப்போதாவது வருவதுண்டு.

சுடும்போது பிரைமரின் உலோகம் பின்னால் வழிந்து ஃபயரிங் பின்னின் துளைக்குள் புகுந்தாலும் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். 686-இன் தொடக்ககால மாடல்களில் சில தோட்டாக்களோடு இந்தத் தொல்லை வந்ததால் கம்பெனியே அவற்றைத் திரும்பப் பெற்றுப் பாகங்களை மாற்றி, கிரேனைத் திறந்தால் தெரியும் இடத்தில் ‘எம்’ என்ற எழுத்தைக் குத்திக் கொடுத்தது. பழைய 686 ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்குகிறவர்கள் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சட்டைப்பைக்கு ஏற்ற மிக இலேசான ரிவால்வர் என்றால் இன்னொரு காரணம் உண்டு. துப்பாக்கி இலேசாக இருக்க இருக்க உதை கூடும். அந்த உதையில் துப்பாக்கியும் உறையும் பின்னால் ஓட, இன்னும் சுடாத தோட்டாவின் குண்டு மட்டும் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். உறையின் பிடி தளர்ந்திருந்தால் முன்னால் நீளும். போதுமான அளவு நீண்டால் சிலிண்டரின் முன்முனையைத் தாண்டிக் குழலில் இடித்து, சுழற்சியே நின்றுபோகும். எந்தத் தோட்டாவை நம்பி வைத்திருக்கப் போகிறீர்களோ அதில் ஒன்றைக் காலிப்பரால் அளந்து கடைசி அறையில் போடுங்கள். மற்றவற்றைச் சுட்டுவிட்டு அந்தக் கடைசித் தோட்டாவை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு வேண்டாம். அளந்ததை மறுபடி போட்டுச் சுடவும் வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால், சுடச்சுடத்தான் இறுகுகிறதா என்று கவனியுங்கள். குளிர்ந்திருக்கும்போது சரியாகச் சுழன்று, சூடானதும் உராய்ந்தால், சிலிண்டரின் முன்முகமும் குழலின் பின்முனையும் தொடுகின்றன. கரியைத் துடைத்தும் மாறாவிட்டால் முதல் நாள் அளந்த இடைவெளி எண்ணோடு கம்பெனிக்கு எழுதுங்கள்.

சிலிண்டர் திறக்கவே மாட்டேன் என்றால்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வகையில் எஜெக்டர் ராட் மரையில் திருகப்பட்டிருக்கிறது. அது தளர்ந்து முன்னால் நீண்டால், முன்பூட்டு விடுபடாமல் சிலிண்டர் திறக்காது. உள்ளே தோட்டா இருக்கும்போதே இது நடக்கும் என்பதுதான் ஆபத்து. வாயை இலக்குப் பக்கமே வைத்து, தள அதிகாரியைக் கூப்பிடுங்கள். குழல் வாயருகே கையைக் கொண்டுபோய் நீங்களே நோண்ட வேண்டாம். திறந்து காலி செய்த பிறகு ராடை இறுக்க வேண்டும். இன்றைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அது இடது மரை: முன்பக்கமிருந்து பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இறுகும். இறுக்கும்போது அறைகளில் காலி உறைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாரை நேராகப் பிடிக்கும் பகுதிகளுக்குச் சேதம் வரும். ஜிபி100-இல் முன்பூட்டு கிரேனிலேயே இருப்பதால் இந்தக் கோளாறு இந்த வடிவில் வராது.

அடித்தது, வெடிக்கவில்லை

ஹேமர் விழுந்து சத்தம் வராவிட்டால் உடனே அடுத்ததற்கு டிரிகரை இழுக்காதீர்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். ரிவால்வரில் மறுபடி இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேரான இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். அங்கே போய் வெடித்தால் குண்டுக்கு வழியில்லை. வாயை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடி முழுதாகக் காத்திருங்கள். பிறகு திறங்கள்.

இப்போது அந்தத் தோட்டாவின் பிரைமரைப் பாருங்கள். காரணம் அதிலேயே எழுதியிருக்கும். ஆழமான, நடுவில் விழுந்த குழியாக இருந்தால் தோட்டாவின் குறை. மேலோட்டமான குழியாக இருந்தால் அடி பலவீனம்: ஸ்டிரெய்ன் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், புதிதாக மாட்டிய கைப்பிடி ஸ்பிரிங்கிலோ ஹேமரிலோ உரசலாம், யாராவது மென்மையான ஸ்பிரிங் மாற்றியிருக்கலாம். அதே தோட்டா இரண்டாம் அடியில் வெடித்தால், பிரைமர் முழுதாக உள்ளே இறக்கப்படாமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கும். குழி ஒரு ஓரமாக விழுந்திருந்தால் டைமிங்கைச் சோதியுங்கள்.

பிரைமர்களிலும் கடினம், மென்மை உண்டு. பெடரல் மென்மை, சிசிஐ கடினம் என்பது ரிவால்வர்க்காரர்கள் நெடுநாளாகக் கண்ட அனுபவம். மென்மையான ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கி ஒன்றை வெடித்து மற்றதை விட்டுவிடுவது இதனால்தான். பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் துப்பாக்கியில் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். கனமான டிரிகருக்கு டிரை ஃபயர் பயிற்சியால் விரல் பழகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, வழக்கமான சத்தம் வராமல் ‘புஸ்’ என்று மட்டும் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளோ, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலோ தங்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். சிலிண்டர் சுழல மறுத்தால் பலவந்தம் செய்யாதீர்கள். அந்த மறுப்பே உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சிக்கிய குண்டை எடுப்பது பழுதுபார்ப்பவரின் வேலை.

காலி உறை வெளியே வராவிட்டால்

வாயை நேராக மேலே தூக்கி, ராடை ஒரே தள்ளாக, முழு நீளத்துக்கு அழுத்துங்கள். பாதி அழுத்தினாலோ வாயைக் கிடைமட்டமாக வைத்தாலோ ஒரு உறை ஸ்டாரின் அடியில் நழுவி மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் ராடை முழுக்க அழுத்திப் பிடித்து, உறையை விரலால் நோண்டி எடுங்கள். மேலே தூக்கிப் பிடிப்பதால் வெடிமருந்துத் துகளும் ஸ்டாரின் அடியில் விழாது.

உறைகள் அறையிலேயே ஒட்டிக்கொண்டால் எந்த அறை என்று பாருங்கள். எல்லா அறைகளிலும் ஒரே வகைத் தோட்டாதான் ஒட்டுகிறதென்றால் அதன் அழுத்தம் அதிகம், அல்லது அறைகளில் கரி. எந்தத் தோட்டா போட்டாலும் ஒரே அறையில்தான் ஒட்டுகிறதென்றால் அந்த அறை சொரசொரப்பாகக் கடையப்பட்டிருக்கிறது, தொழிற்சாலை பார்க்கட்டும். ராடைச் சுத்தியாலோ மேசை விளிம்பிலோ தட்டாதீர்கள், வளைந்துவிடும்.

பக்கத்தில் நிற்பவர் மேல் ஈயத்தூள் தெறிக்கிறது என்று சொன்னால் குழலின் பின்முனையிலுள்ள கூம்பு வாயைப் பாருங்கள். அதில் ஈயம் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்ததும் நிற்கும். சுத்தமாக இருந்தும் தெறித்தால் அறை குழலுக்கு நேராக நிற்கவில்லை. அந்தத் துப்பாக்கியைச் சுடுவதை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்கு அனுப்புங்கள்.

சுத்தம் செய்யும் முறை

சுட்ட அன்றே செய்வது நல்லது. ஒரு நைலான் பிரஷ், .38 அளவு வெண்கலப் பிரஷ், கரைப்பான், துணித்துண்டு, எண்ணெய், இவ்வளவுதான் தேவை. காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள், கையுறை போடுங்கள்.

ரிவால்வர் குழலுக்குள் பின்பக்கமாகக் கம்பியை விட பிரேம் இடம் தராது. வாய்ப் பக்கமாகத்தான் விட வேண்டும். கம்பி வாயின் விளிம்பை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறி அந்த விளிம்பைச் சார்ந்தது. சிலிண்டரைத் திறந்து வாய் கீழே பார்க்கும்படி பிடித்தால் கரைப்பானும் அழுக்கும் பிரேமுக்குள் இறங்காது. கரைப்பானை விட்டுச் சற்றுநேரம் ஊறவைத்து, பிரஷ் போட்டு, துணியால் துடையுங்கள். அதிக நேரம் கொடுக்க வேண்டியது கூம்பு வாய்க்கும் ஆறு அறைகளுக்கும். .38 சுட்டிருந்தால் அந்தக் கரி வளையம் போகும்வரை அறைக்கென்று விற்கும் பிரஷ்ஷைச் சுழற்றுங்கள்; .357 தோட்டா தன் எடையில் தானே இறங்குகிறதா என்று பார்ப்பதைச் சுடும் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு மேசையில் வேண்டாம்.

சிலிண்டரின் முன்முகத்தில் வரும் கறுப்பு வளையங்களோடு மல்லுக்கட்டாதீர்கள். அவற்றால் இயக்கத்துக்குக் கெடுதல் இல்லை. ஈயம் எடுக்கும் துணி என்று ஒன்று விற்கிறார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் அற்புதமாக வேலை செய்யும், நீலப்பூச்சுள்ள துப்பாக்கியில் பூச்சையே எடுத்துவிடும். சிலிண்டருக்கு மேலே போகும் பிரேம் பட்டையான டாப் ஸ்ட்ராப்பின் உள்பக்கம், இடைவெளிக்கு நேர்மேலே, மேக்னம் சுடச்சுட ஒரு மெல்லிய கீறல் விழும். அது ஓரளவுக்குமேல் ஆழமாகாது.

எண்ணெய் சொட்டுக் கணக்குதான். கிரேன் சுழலும் தண்டில் ஒன்று, எஜெக்டர் ராடில் ஒன்று, ஹேண்ட் எழும் துவாரத்தில் ஒன்று, ஸ்டாப் தெரியும் இடத்தில் ஒன்று, ஹேமரைப் பின்னுக்கு இழுத்து அதன் இருபக்கமும் ஒவ்வொன்று. வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவினால் போதும். அறைகளும் குழலும் சுடும்போது உலர்ந்திருக்க வேண்டும். அறையில் எண்ணெய் தங்கினால் நாளடைவில் பிரைமருக்குள் கசிந்து தோட்டாவைச் செயலிழக்கச் செய்யலாம். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஊடுருவும் எண்ணெயைத் துப்பாக்கிக்குள் அடிக்காதீர்கள், காய்ந்தால் பிசினாகும்.

பக்கத் தகட்டைத் திறக்காதீர்கள். வருடக்கணக்கில் சுட்டாலும் அதைத் திறக்கும் தேவை அரிதாகவே வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தகட்டின் விளிம்பு சாகும்வரை அடையாளம் சுமக்கும். உள்ளிருக்கும் பாகங்கள் எப்படி உட்கார்ந்திருந்தன என்பது திறந்த பிறகு தெரியாது.

வேலை முடிந்ததும் கையைச் சோப்பாலும் குளிர்ந்த நீராலும் நன்றாகக் கழுவுங்கள். கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம். பிரைமரிலும் குண்டிலும் இருக்கும் ஈயம் நேரே வாய்க்குப் போகும். தளத்துக்குப் போட்டுப்போன சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

வைக்கும் இடம்

தோல் உறைக்குள் மாட்டி வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். ஹூஸ்டன் போன்ற ஈரப்பதமுள்ள ஊரில் சில வாரத்திலேயே தெரியும். துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமே உண்டு. உங்கள் மாநிலத்தினுடையதைத் தேடிப் படியுங்கள். மாநிலம் மாறிக் குடிபோனால் மறுபடி படியுங்கள்.

தொழிற்சாலைக்கு அனுப்பும்போது

டைமிங் பிசகு, ஒரே அறையில் ஒட்டும் உறை, அளவுக்கு மீறிய இடைவெளி, எல்லாத் தோட்டாவிலும் வரும் பலவீன அடி: இவை நீங்கள் சரிசெய்ய வேண்டியவை அல்ல. பழுதுபார்க்கத் துப்பாக்கியை நேராகக் கம்பெனிக்கு அனுப்பவும், அவர்கள் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. மாநில விதியை மட்டும் தனியாகப் பாருங்கள். நீங்களே கூரியருக்கு எடுத்துப் போகாமல், முதலில் கம்பெனியைக் கூப்பிட்டு அவர்கள் தரும் ஷிப்பிங் லேபிளைக் கேளுங்கள்.

“சரியாக வேலை செய்யவில்லை” என்று எழுதினால் அங்கே பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்று அனுப்பிவிடக்கூடும். எந்த அறை, எந்தத் தோட்டா, எத்தனை சுட்ட பிறகு, சூடாக இருந்தபோதா குளிர்ந்திருந்தபோதா, டபுள் ஆக்‌ஷனிலா ஹேமரை இழுத்து வைத்துச் சுட்டபோதா என்று எழுதுங்கள். பிரைமர் குழியின் படத்தையும் வையுங்கள். சுத்தம் செய்து பார்த்துவிட்டேன் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் மாட்டிய கைப்பிடியைக் கழற்றி, பழையதையே மாட்டி அனுப்புங்கள்.

திரும்பி வந்ததும் முதல் நாள் சோதனைகளை மறுபடி செய்து, இடைவெளி எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பிறகு எந்தத் தோட்டாவில் கோளாறு வந்ததோ அதே தோட்டாவை, அதே பெட்டியில் மீதமிருந்தால் அதையே, முதலில் சுட்டுப் பாருங்கள்.